விருந்தினருக்குத் தனி வழி

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களுக்குத் தாலி கட்டுவது கஷ்டமே இல்லை, தங்குவதுதான் கஷ்டம். கோயிலில் நேரம் கிடைத்துவிடும். மாலை, நாதஸ்வரம், சாப்பாடு, வீடியோ எல்லாம் ஒரே ஆளிடம் சொன்னால் வந்து இறங்கிவிடும். ஆனால் பெங்களூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் மகன், மருமகள், சம்பந்திகள் எல்லோருக்கும் மெத்தை வேண்டும், வெந்நீர் வேண்டும், உட்கார்ந்து எழுந்திருக்க வசதியான கழிப்பறை வேண்டும். முகூர்த்த மாதங்களில் விடுதிகள் நிரம்பி, கல்யாண மண்டபத்து மாடியில் பாய் விரித்துப் படுத்த பெரிய மனிதர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து ஒரு பஸ் பிடித்தால் வந்துவிடுகிற தூரத்தில் எங்கள் ஊர். அதில் மேலத் தெருவில் எங்களுக்கு ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா காலமாகி வெகு நாளாகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் களைத்துவிட்டார்கள். நான் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். தம்பி சென்னையில் இருந்தான். அவனுக்கு வீட்டை விற்றுவிட வேண்டும்.

"ரெண்டு பேருக்கு இத்தனை பெரிய வீடு எதுக்குக்கா? ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாத்துறதுக்கே ஆளைத் தேடிக்கிட்டு இருக்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்று போனில் சொல்வான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால் அவள் முகம் சுருங்கிவிடும். கோபம் வந்தால் கூடப் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். அவள் பயந்துபோவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அந்த வீட்டைப் பிறர் பண்ணை வீடு என்றுதான் சொல்வார்கள், இன்றைக்கும். எங்கள் ஊர் நிலத்தில் முக்கால்வாசி ஒரு காலத்தில் அந்த வீட்டுக்காரர்களுடையது. அம்மா பிறந்தது வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியில். பாவாடை கட்டிய வயசிலேயே அவர்கள் வயலில் நடவுக்கு இறங்கியவள். பிறகு ஊருக்குள் கொடிக்கம்பங்கள் முளைத்தன. கூலி உயர்வு கேட்டு அறுவடைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, வழக்கு நடந்தது. இன்னொரு பக்கம் சட்டசபையில் உச்சவரம்புச் சட்டம் வந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. ஒரு கட்சி ஆட்சி போய் இன்னொரு கட்சி வந்தாலும், பண்ணைக்காரர்களின் நிலம் குறைந்துகொண்டேதான் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கடைசியில் மிஞ்சிய ஒருவர் வீட்டை விற்க முன்வந்தபோது, காலனியில் பிறந்து பள்ளி ஆசிரியராகியிருந்த அப்பா, கடன் வாங்கி அதை வாங்கினார். அம்மா பெயரில்தான் பத்திரம். எங்களுக்கு விற்றதற்காக மேலத் தெருவில் அந்த மனிதரோடு ஒருவரும் பேசவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

குடிபோன அன்று நடந்ததை அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். பால் செம்போடு வந்த அம்மா, வீட்டை நெருங்கியதும், பழக்கத்தில் பக்கத்துச் சந்தில் திரும்பிக் கொல்லைப் பக்கம் நடந்துவிட்டாளாம். அவர் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாராம். அப்பா சிரிப்பார், அம்மா சிரிக்கமாட்டாள். அன்றிலிருந்து அவள் கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்ததுமில்லை, வெளியே போனதுமில்லை. கொல்லையில் முருங்கைக்கீரை ஒடிக்க வேண்டுமென்றால் கூட வாசல் வழியாக இறங்கி, தெருவில் நடந்து, சந்து வழியே சுற்றிப் போவாள். போன வழியாகவே கீரையோடு திரும்பி வருவாள். "பத்தடி தூரத்துக்கு ஊர்வலமா போற" என்று நான் கேலி செய்வேன். "நான் போறேன், உனக்கென்ன கால் வலிக்குதா?" என்பாள்.

வீட்டை விற்காமல் காப்பாற்ற ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடலாம், அதையும் சட்டப்படி அனுமதி வாங்கியே விடலாம். அனுமதி கிடைத்தால் விற்பனைப் பேச்சை எடுக்கமாட்டேன், கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று தம்பி சொன்னான். சரி என்றேன். அம்மாவிடமும் சொன்னேன். "சாமி கும்பிட வர்றவங்கதானே, வந்து தங்கட்டும். வீடும் கலகலன்னு இருக்கும்" என்றாள்.

அனுமதி என்பது ஒரு கையெழுத்து என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷம் கோப்பு கட்டியவளுக்கே அது தெரியவில்லை. பஞ்சாயத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், வரி கட்டிய ரசீது வேண்டும், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பார்க்க வேண்டும், சுகாதார ஆய்வாளர் கழிவுநீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், காவல் நிலையத்தில் எங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும். தீயணைப்புக்காரர் சொன்னபடி சிவப்பு உருளை ஒன்று வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். அம்மா ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். காவல் நிலையத்தில் இருந்த எழுத்தருக்குத்தான் பெரிய சந்தேகம்.

"ஜோடியா வந்து தங்குவாங்கன்னு எழுதியிருக்கீங்க. கல்யாணம் ஆனவங்கதானா?"

"ஆனவங்கதான் தம்பி. ரெண்டாம் தடவை தாலி கட்ட வர்றவங்க."

"ரெண்டாம் தடவையா?"

"அதே பொண்டாட்டிக்குத்தான். அறுபது வயசுல."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். மோட்டார் சைக்கிளில், வெயிலில் வெந்து வந்திருந்தார். நல்ல மனிதர். வீட்டைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. முற்றத்துத் தூண்களைத் தட்டிப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார். நான் ஏற்கெனவே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். முன்கட்டில் வருகிறவர்கள், பின்கட்டில் நானும் அம்மாவும்.

"விதியில ரெண்டு விஷயம்ங்க. வீட்டுக்காரங்க இதே வீட்டுல குடியிருக்கணும். வர்றவங்களுக்குத் தனி வழி இருக்கணும். அவங்க உங்க அடுப்படி வழியா நடக்கக் கூடாது, நீங்க அவங்க ரூம் வழியா நடக்கக் கூடாது. அதுல உங்க வீடு ரொம்பத் தோதா இருக்குங்க. அவங்க வாசல் பக்கமா வந்துடட்டும். நீங்களும் அம்மாவும் கொல்லைப் பக்கமா வந்து போனா சரியாப் போச்சு."

நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நல்ல பக்கத்தைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது. வரைபடம் போட்ட என் கைக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவருக்கு மோர் கொண்டுவந்த அம்மா, டம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

"தம்பி, நான் இந்த வீட்டுக்குள்ள கொல்ல வழியா வர்றதில்ல."

"ஏம்மா, படி ஒசரமா இருக்கா? ரெண்டு படி சேத்துக் கட்டிடலாம்."

"படியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் படிக்குக் கீழதான் நாங்க கூலி நெல்லுக்கு நிப்போம். படியில கால் வைக்கக் கூடாது. கதவு தொறந்துதான் இருக்கும், உள்ளேருந்து யாராவது கூப்பிடுற வரைக்கும் நிக்கணும். மழையானாலும் அங்கதான். கூப்பிட்டா முந்தானைய ஏந்தணும். இப்ப வீடு என் பேர்ல இருக்கு. நான் எதுக்குத் தம்பி மறுபடி அந்தப் பக்கம் போவணும்?"

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. எங்களிடம் கூட அவள் இதை இப்படி முழுசாகச் சொன்னதில்லை. அப்பா சொல்லும் வேடிக்கைக் கதையாகவே அது எங்கள் வீட்டில் இருந்தது. அதிகாரி மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"என் கையில ஒண்ணும் இல்லம்மா. தனி வழின்னு எழுதியிருக்கு. நீங்க வேற எப்படியாவது ஒரு வழி யோசிச்சு வைங்க, நான் இன்னொரு தடவை வர்றேன்."

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். "அம்மா இன்னும் பழசைப் பிடிச்சிக்கிட்டு இருக்காங்கக்கா" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "போன்ல சொல்லாத, நேர்ல வந்து அம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். அவன் வரவில்லை. பாவம், அவனுக்கும் அம்மா என்றால் உயிர்தான். படி, முந்தானை, மழை எல்லாம் அவன் காதில் விழாத வயசிலேயே நாங்கள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான் இரவெல்லாம் சுவரை இடிக்கலாமா, பக்கவாட்டில் கதவு வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, வழி சொன்னது அம்மாதான். மறுநாள் காலை கீரை ஆய்ந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"நாம முன்னால இருப்போம். வர்றவங்களக் கொல்லப் பக்கமா விடு."

"கல்யாணத்துக்கு வர்றவங்களையா?"

"ஆமா. பம்பாய்க்காரங்களுக்கு அது என்னன்னு தெரியவா போவுது? அவங்களுக்கு அது வெறும் கதவுதானே."

நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. கொல்லைப் பக்கம் நெல் வண்டி வந்துபோன அகலமான பாதை, கார் தாராளமாக வரும். பின்கட்டில் நெல் கொட்டி வைத்த அறைகள் பெரியவை. ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை நடவு வயல். சமையலை முன்கட்டுக்கு மாற்றினோம். அறைகளுக்குத் தரை போட்டோம், குளியலறை கட்டினோம். தம்பி முணுமுணுத்துக்கொண்டே பணம் அனுப்பினான். வாசல் வழியாகவே போய், சந்தில் சுற்றிக் கொல்லைக்கு வந்து, கொத்தனாரை வேலை வாங்கியது அம்மாதான். பழைய படியை உடைத்து, அகலமாக, வழவழப்பான கல் பதிக்கச் சொன்னாள். மேலே விளக்கு போடச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு குஷி இருந்தது, மறைக்கவும் இல்லை. "பண்ணை வீட்டுல விருந்தாளிக்குக் கொல்ல வழியாம்ல" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்றாள்.

அதிகாரி மறுபடி வந்தார். கொல்லைப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், தனி வழி என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அம்மாவிடம் மட்டும் தனியாக, "சரிதானம்மா இப்ப?" என்று கேட்டார். "சரி தம்பி" என்றாள். கொஞ்ச நாளில் அனுமதிப் பத்திரம் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினேன். தம்பி வீட்டை விற்பது பற்றி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

முதலில் வந்தவர்கள் அறுபதுக்கு வந்தவர்கள் இல்லை, எண்பதுக்கு. ஓசூரிலிருந்து ஒருவர் போனில் பேசினார். அப்பாவுக்குச் சதாபிஷேகம், அப்பா அம்மா, தான், தன் மனைவி என நான்கு பேர் என்றார். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கார் கொல்லைப் பக்கம் வந்து நின்றது. மகனும் மருமகளும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அறையைப் பார்த்து, வயலைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நான்கு தடவை சொன்னார்கள். மாமியாரை மருமகள் கையைப் பிடித்துப் படியேற்றினாள். அம்மாவும் பின்கட்டு வரை வந்து, ஜன்னலோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மட்டும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் நல்ல கடிகாரம், சவரம் செய்து பளிச்சென்று இருந்த முகம். படிக்குக் கீழே, கதவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி, இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றார். கதவு அகலத் திறந்திருந்தது. "அப்பா, உள்ள வாங்க" என்று மகன் கூப்பிட்டார். "வர்றேன், வர்றேன்" என்றார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கால் வலி போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. என்னைத் தாண்டிப் போனாள். கொல்லைக் கதவைக் கடந்து, அந்தப் படியில் இறங்கிப் போனாள். அவள் அதில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"எந்த ஊருங்கய்யா உங்களுக்கு?"

கிழக்கே கடலோரமாக இருக்கும் ஓர் ஊரைச் சொன்னார். "இப்ப இல்லம்மா. சின்ன வயசுல. படிச்சு வேலை கெடைச்சதும் வெளிய போனவன்தான்."

"அங்க யாரு பண்ணையில இருந்தீங்க?"

அவர் சொன்னார். அம்மா தலையை அசைத்தாள். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றார். தன் அப்பா எங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை, எங்கள் தம்பி மாதிரியே.

"இப்படி வேண்டாங்கய்யா. வாசப் பக்கமா வாங்க" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா. எனக்கு இது போதும்."

"பரவால்ல இல்லங்கய்யா. வாங்க."

அவர் முழங்கையைத் தொட்டு நடத்திக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது அனுமதிதான். தனி வழி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த முதல் ஆளையே முன்வாசலுக்குக் கூட்டிப்போகிறாள். யாராவது புகார் எழுதிப் போட்டால் அத்தனையும் போச்சு. "அம்மா, பர்மிஷன்" என்று மெதுவாகச் சொன்னேன். "போனா போவட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னால் பயந்துபோகிறவள் சொன்ன சொல் அது. அனுமதி போகவில்லை. நானே அதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முன்வாசலையே எங்களுக்கும் விருந்தினருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, கூடத்தின் ஓரமாக நீளத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் அதுவும் தனி வழிதான் என்றார். முதலிலேயே தோன்றாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் எங்களுக்கு எதுவும் தெரியாது.

சந்து முடிந்து மேலத் தெரு ஆரம்பிக்கும் இடத்தில் பெரியவர் நின்றுவிட்டார். தெருவில் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, செருப்பைக் கழற்றினார். புதுச் செருப்பு, விசேஷத்துக்கு வாங்கியதாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்க ஒரு காலை எடுத்து வைத்தார். அவரே யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் எண்பது வயசு பூர்த்தியாகி மாலையும் கழுத்துமாக உட்காரப் போகிறவர், மேலத் தெருவைக் கண்டதும் வெறுங்காலோடு நின்றார்.

அம்மா அவர் கையிலிருந்து செருப்பை வாங்கினாள். அவர் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார், அவள் விடவில்லை. குனிந்து அவர் காலடியில் நேராக வைத்தாள்.

"போட்டுக்கிட்டு வாங்கய்யா."

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைத்தார். இன்னொரு காலையும் நுழைத்தார்.